பழைய வீட்டுக்கு எத்தனை கிலோவாட் பாய்லர்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்:

எங்கள் வீடு முதல் உலகப் போருக்கு முன்னால் கட்டியது. வரிசை வீடு, இரண்டு பக்கமும் பொதுச்சுவர், மூன்று படுக்கையறை. முன்பின் சுவர்கள் ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது. தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்கள் வழியே வீட்டைச் சூடாக்கும் எங்கள் பழைய கேஸ் பாய்லருக்கு உதிரிபாகம் கிடைப்பது நின்றுபோனதால் புதிது மாட்ட விலை கேட்டோம். ஒருவர் வந்து ரேடியேட்டர்களை எண்ணிவிட்டு, "பழைய வீடு, சூடு நிற்காது, 35 போட்டுடுங்க" என்றார். இன்னொருவர் எண்ணக்கூட இல்லை, வாசலில் நின்றே 30 என்றார். டேப்பை எடுத்து ஒரு சுவரை அளந்தவர் யாருமில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று கேஸ் மீட்டரிடம் போனேன். ஜனவரியில் இரவும் பகலும் வெளியே 0 டிகிரியை ஒட்டியே இருந்த ஒரு நாள், தெர்மோஸ்டாட்டை 20இல் வைத்து அணைக்காமல் விட்டேன். காலை 7 மணிக்கு ஒரு ரீடிங், மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொன்று. ஓடியது 14 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11.2 யூனிட் (கிலோவாட்-மணி), ஆக 157. பழைய பாய்லர் ஐந்தில் ஒரு பங்கைப் புகைக்குழாய் வழியே விட்டுவிடும் என்று கழித்தால் 125. குளியலையும் சமையலையும் தள்ளினால் 117 தேறும். 24 மணி நேரத்தால் வகுத்தால் 5 கிலோவாட்டுக்கும் கொஞ்சம் கீழே! மைனஸ் 3க்குப் போனாலும் 6ஐத் தாண்டாது. மீட்டர் நூறு நூறு கன அடியாகக் காட்டும் பழையது என்றால், கன மீட்டராக்க ரீடிங்கை 2.83ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

6 தேவைப்படும் வீட்டுக்கு 35 எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹரோ:

தம்பி, அந்த 30, 35 எல்லாம் வீட்டைச் சூடாக்க இல்லை. கொம்பி பொய்லரில் தொட்டி இல்லைதானே, குழாயைத் திறந்த உடனே தண்ணியைச் சுட வைக்க வேணும். அதற்குத்தான் அந்தப் பெரிய எண். மாரியில் மெயின் தண்ணி 5 டிகிரியில் வருகிறது என்று வையுங்கள். அதை 40க்கு ஏற்ற, 24 கிலோவாட் நிமிடத்துக்கு 10 லீற்றருக்குக் கிட்டத் தரும், 30 என்றால் 12, 35 என்றால் 14.

ஆனால் உங்கள் தெருக் குழாய் 14 லீற்றர் தருமா? எங்களுக்கு 35தான் வேணும் என்று வந்தவர் ஒற்றைக் காலில் நின்றார். நான் குசினிக் குழாயடியில் வாளியை வைத்து, போனில் நிமிடக் கணக்குப் பார்த்தேன். 11 லீற்றர்கூட நிறையவில்லை. வராத தண்ணியைச் சுடவைக்க ஏன் காசு? அவரிடம் வாளியைக் காட்டின பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் குளிக்கிற வீடு என்றால் கொம்பியை விட்டுவிட்டு, சுடுதண்ணியைச் சேர்த்து வைக்கிற தொட்டி (சிலிண்டர்) வைக்கிற முறையை யோசியுங்கள். அதற்குச் சின்னப் பொய்லரே காணும்.

க்ராய்டன்:

கேஸ் வேலை செய்பவர்களுக்கு இங்கே கட்டாயமான கேஸ் சேஃப் பதிவோடு இந்த வேலையே செய்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். எல்லாரும் பாய்லரின் மேல் எண்ணைக் கேட்கிறார்கள், கீழ் எண்ணைக் கேட்பவர் குறைவு. அதாவது, அது எவ்வளவு குறைத்து எரியும் என்பது. சில மாடல்கள் 3 கிலோவாட்டுக்கும் கீழே இறங்கும், சில 7, 8க்குக் கீழே வராது. ஈஸ்ட் ஹாம் வீட்டுக்குக் கடும் குளிரிலேயே 6 போதும், மார்ச் மாதத்தில் 2 அல்லது 3தான். கீழ் எண் 8 உள்ள பாய்லரை அங்கே மாட்டினால் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் டவுன் பஸ் மாதிரி பற்றி எரியும், அணையும், மறுபடி பற்றும். கேஸும் வீண், உள்ளிருக்கும் பாகங்களுக்கும் ஆயுள் குறையும்.

இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் கண்டென்சிங் பாய்லர்தான் பொது விதி. ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். நிறையப் பேர் பாய்லரிலிருந்து புறப்படும் தண்ணீரை 75, 80இல் ஓடவிட்டு, புது பாய்லரில் பழைய பாய்லர் பில்லைக் கட்டுகிறார்கள். அதற்காக 55க்கு இறக்கிவிட்டால் ரேடியேட்டர் போதுமா என்று பார்க்க வேண்டும். கடைப் பட்டியலில் இருக்கும் வாட் கணக்கு, அறையைவிட ரேடியேட்டர் 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது கிடைப்பது. அந்த வித்தியாசம் 30 ஆனால் பாதிதான் கிடைக்கும். பழைய வீடுகளில் பணத்தைப் பெரிய பாய்லரில் போடுவதைவிடப் பெரிய ரேடியேட்டரில் போடலாம் என்பது என் கட்சி.

பிராட்ஃபோர்ட்:

ஆறு போதும் என்று எல்லாரும் கிளம்பிவிடாதீர்கள். எங்களுடையது வரிசையின் கடைசி வீடு, கெட்டி மணற்கல் சுவர், உயரமான கூரை. மூன்று பக்கம் காற்று அடிக்கும். அதே மீட்டர் கணக்கில் எங்களுக்கு 11 வந்தது. மாடிக்கு மேலே, கூரைக்கு அடியில், சூடு வெளியேறாமல் தடுக்கும் 270 மில்லிமீட்டர் கம்பளிப் போர்வை போட்ட பிறகுதான் கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் ஒரு விஷயம். பாய்லரிலிருந்து கழிவுநீர் சொட்டும் குழாயை வெளிச் சுவரில் நீளமாக இழுக்க விடாதீர்கள். 2010 டிசம்பர் குளிரில் எங்கள் குழாய் உறைந்து, உள்ளே களகளவென்று சத்தம் வந்து பாய்லர் நின்றுவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாய் மேல் ஊற்றி, ரீசெட் பொத்தானை அழுத்தித்தான் திரும்பக் கிளப்பினோம். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடித்துவிடும்.

ஈஸ்ட் ஹாம்:

அக்கா, அண்ணா எல்லாருக்கும் நன்றி. வாளி வைத்துப் பார்த்தேன், 10 லிட்டர்தான். 24 கிலோவாட் கொம்பி, கீழே 3 வரை இறங்கும் மாடல் எடுக்கிறோம். ஹீட்டிங் பக்கத்தின் உச்ச அளவை 8இல் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஒற்றைத் தகடு ரேடியேட்டருக்குப் பதில் இரட்டைத் தகடு வருகிறது. கழிவுநீர்க் குழாய் சமையலறை சிங்க் வழியாக உள்ளேயே போகும். கிராய்டன் அண்ணா, மாடி ரேடியேட்டர்களுக்குப் போகும் குழாய் 8 மில்லிமீட்டர் மெல்லிசு. 55 டிகிரியில் அது போதிய சூட்டைக் கொண்டுபோகுமா?