எலெக்ட்ரிக் கிடார்ல பிக்கப் மாத்தினப்போ என்ன ஆச்சு? உங்க கதையைச் சொல்லுங்க

கொடைக்கச்சேரி (திருநெல்வேலி)

கோயில் கொடையில கிடார் வாசிச்சவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். பந்தல் முழுக்க சீரியல் செட், பின்னால ஜெனரேட்டர், நடுவுல சிங்கிள் காயில் ஸ்ட்ராட்டை, அதாவது பிக்கப்புல (தந்தி அதிர்வை மின்சாரமா மாத்துற காந்தமும் கம்பிச் சுருளும்) ஒத்தைச் சுருள் மட்டும் உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரை மாட்டிக்கிட்டு நிக்கிறவன் பாடு எப்படின்னு தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில 'ங்ங்ங்'னு உறுமும். சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி என் சேனலை இறக்கிடுவார், திரும்ப ஏத்த மறந்துடுவார். இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு தந்தி முடியிற பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் கழட்டிட்டு, அதே சைஸ்ல வர்ற ரெண்டு பிளேடு ஹம்பக்கர் (ரெண்டு காயில் சேர்ந்து உறுமலை அடக்குற பிக்கப்) போட்டேன். செராமிக் காந்தம், நல்ல ஹாட் அயிட்டம், அதாவது சத்தம் கூட வர்றது. வீட்டுல சின்ன ஆம்ப்ல டிஸ்டார்ஷனைத் திறந்தா ஜன்னல் கண்ணாடி அதிருச்சு.

அடுத்த கொடை. எண்பதுகள் மெலடி ஒண்ணு, ரெண்டாவது இடையிசையில தபேலா, ஆக்டோபேட், பேஸ், ஸ்டிரிங்ஸ் எல்லாம் ஓட, மேல கிடார் வரணும். உறுமல் துளி இல்ல. நான் கண்ணை மூடி ரசிச்சு வாசிச்சுக்கிட்டு இருக்கேன். கண்ணைத் திறந்தா கீபோர்டு அண்ணன் என்னைப் பார்த்து 'எடு, எடு'ன்னு கையைக் காட்டுறார். நான் அதுக்குள்ள ரெண்டு பார் தாண்டியாச்சு! அவர் பார்த்தார், கீபோர்டுலயே கிடார் டோனைப் போட்டு மிச்சத்தை அவரே வாசிச்சு முடிச்சுட்டார். சனம் கைதட்டுச்சு.

சத்தம் கூட வர்ற பிக்கப் போட்ட பிறகு சத்தமே காணாமப் போறது எப்படிங்க?

தந்திமீட்டி (சென்னை)

உங்களுக்குக் காணாமப் போச்சு, எனக்கு மெலிஞ்சு போச்சு.

ரெண்டு ஹம்பக்கர் கிடார். கழுத்துப் பக்கம், அதாவது நெக்ல டங்கன், பிரிட்ஜ்ல டிமார்ஸியோ, வேற வேற கம்பெனி பிக்கப். ரெண்டும் நாலு கலர் ஒயர் உள்ளது. ரிச்சி ஸ்ட்ரீட்ல பாட் (வால்யூம், டோன் குமிழுக்குக் கீழ இருக்கிற பாகம்), ஸ்விட்ச் எல்லாம் வாங்கி, ரேடியோ ரிப்பேரிலிருந்து கிடார் வேலைக்கு வந்த ஒருத்தர்கிட்ட கொடுத்தேன். ஈயம் வைக்கிறதுல கைதேர்ந்தவர், அதுல குறை சொல்ல முடியாது. நெக் பிக்கப்போட டப்பாவுல இருந்த படத்தைப் பார்த்து ரெண்டையும் ஒரே மாதிரி மாட்டிட்டார்.

வாங்கிட்டு வந்து பிரிட்ஜ் பொசிஷன்ல ஒரு பவர் கார்டு (ரெண்டு மூணு தந்தியைச் சேர்த்து அடிக்கிறது) அடிச்சேன். பழைய லேண்ட்லைன் போன்ல யாரோ கிடார் வாசிச்சுக் காட்டுற மாதிரி மூக்கால வந்துச்சு. போதாக்குறைக்கு உறுமுது. ஹம்பக்கர் உறுமுதுங்க! திரும்பப் போய்க் கேட்டா ரொம்ப நிதானமா சொன்னார்: "இம்போர்ட்டட் அயிட்டம்னா அப்படித்தான் சார். சவுண்டு மெல்லிசா, டீசண்டா இருக்கும்."

டங்கன்ல கறுப்பு ஹாட் (சிக்னல் வர்ற ஒயர்), பச்சை கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் ஒண்ணா முறுக்கணும். டிமார்ஸியோவுல சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் முறுக்கணும். முதல் படத்தை வச்சு ரெண்டாவதை மாட்டினா உள்ள ஒரு காயில் தலைகீழா போயிடும். தந்தியோட சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், உறுமல் மட்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கும். அதாவது ஹம்பக்கர் எதுக்காகப் பிறந்துச்சோ அதுக்கு நேர் எதிரான வேலை.

ரெண்டு ஒயரை இடம் மாத்தினதும் சரியாயிடுச்சு. ஆனா அந்த 'டீசண்டா'வை மட்டும் என்னால மறக்க முடியல.

ஓம்மீட்டர் (பெங்களூரு)

@கொடைக்கச்சேரி, எனக்கும் இதே நடந்தது. அலுவலக ஆண்டு விழா, ஹாட் பிக்கப், யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது.

பிக்கப் டப்பாவில் போட்டிருக்கும் 'கே' (கிலோ ஓம்) எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். பழைய ஸ்ட்ராட் வகை 6 கே சுமார், பழைய கிப்சன் ஹம்பக்கர் வகை 7.5, 8 கே, டங்கனின் ஜேபி மாடல் 16 கே. 16 என்பது 8-ஐப் போல் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். அது வெறும் கம்பியின் மின்தடை. 42 கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 கேஜ் போட்டால், சுற்று கூடாமலேயே கே ஏறிவிடும். ஒரே கம்பி, ஒரே மாதிரி பாபின் (கம்பியைச் சுற்றும் சட்டம்) என்றால்தான் அந்த எண்ணை வைத்து ஒப்பிடலாம்.

சுற்று நிஜமாகவே கூடினால் இண்டக்டன்ஸ் (சுருளின் ஒரு மின்குணம், ஹென்றியில் அளப்பது) கூடும். பிக்கப், கேபிள் இரண்டும் சேர்ந்து ஓர் அலைவரிசையில் உச்சம் காட்டும். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப் 2.5 ஹென்றி என்று வைத்து, நடுத்தர நீளக் கேபிளைப் போட்டால் உச்சம் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். 7 ஹென்றி உள்ள ஹாட் பிக்கப்பில் அது 2.5 பக்கம் இறங்கிவிடும். அதற்கு மேலே இருக்கும் பளபளப்பு போய்விடும். மீதமிருக்கும் நடு அலைவரிசையில் ஏற்கெனவே கீபோர்டு ஸ்டிரிங்ஸ், பாடகர் குரல், தபேலா எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் தனியாக வாசித்தால் அது கனமாகத் தெரியும். கூட்டத்தில் இடமே கிடைக்காது.

இன்னொன்று. ஸ்ட்ராட்டில் இருப்பது 250 கே பாட். ஹம்பக்கருக்கு வழக்கமாக 500 கே. 250-ஐ அப்படியே விட்டிருந்தால் மிச்சமிருந்த மேல் சத்தமும் கொஞ்சம் தின்றுபோயிருக்கும். பாட் வாங்கும்போது மீட்டர் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். 500 என்று அச்சடித்திருப்பது 410 காட்டுவது சகஜம். வால்யூமுக்கு 'ஏ' எழுத்து உள்ளதைக் கேளுங்கள். 'பி' போட்டால் கடைசிக் கால் சுற்றில்தான் சத்தம் இறங்கும். அமெரிக்க அளவு பாட் என்றால் உங்கள் கிடாரின் துளையைப் பெரிதாக்க வேண்டிவரும், பழைய குமிழும் பொருந்தாமல் போகலாம்.

ஹம்பக்கர் வாங்குகிறவர்கள் போல்பீஸ் (ஒவ்வொரு தந்திக்கும் கீழே நிற்கும் உலோகக் கம்பி) வரிசையில் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். கிப்சன் அளவு 49, 50 மில்லிமீட்டர். ஸ்ட்ராட் வகை பிரிட்ஜுக்கு 52, 53 வேண்டும். சற்றே விலகினால் காதுக்குத் தெரியாது, கண்ணுக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

இவ்வளவுக்கும் முன்னால் உயரம். கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்புக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டரில் ஆரம்பிக்கலாம். ஸ்க்ரூ டிரைவருக்குக் காசு கிடையாது. பிறகு கெப்பாசிட்டர் விஷயம்...

நாலாங்கட்டை (மதுரை)

ஐயா ஓம்மீட்டர், கெப்பாசிட்டரை நிறுத்துங்க. கேட்டது அனுபவம். உங்க அனுபவம் ஒன்றரை வரி, மிச்சம் செமஸ்டர் பாடம். ஆனா உயரம்னு சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காக மன்னிச்சிட்டேன்.

நான் ஸ்ட்ராட்டுல கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன். மாண்டலின் சீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலின்ல செஞ்சு காட்டின பிறகு இதுல யாரும் புருவம் தூக்கறதில்ல. நெக் பிக்கப்ல கமகம் சொகமா வரும்னு அதுலதான் வாசிப்பேன். மந்தர ஸ்தாயியில, மேல் ஃபிரெட்ல தடித்த தந்தியைப் பிடிச்சா மட்டும் ஏதோ இடறும். பிக்கப் மட்டம், மாத்திடலாம்னு ஒரு செட் வாங்கி வச்சேன்.

மாத்துறதுக்கு முன்னால ஒரு வீட்டுக் கச்சேரி. வீணை வாசிக்கிற மாமி ஒருத்தர் முன்னால உட்கார்ந்திருந்தாங்க. கரகரப்ரியா ஆலாபனை, கீழ் பஞ்சமத்துல நின்னேன். மாமி தலையை நிமிர்த்தி, தம்புராவைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "அந்தத் தந்தியில ரெண்டு ஸ்வரம் கேக்கறதே, நோக்குக் கேக்கலையா?"

கேட்டுச்சு. அதுக்கப்புறம் அது மட்டும்தான் கேட்டுச்சு. ஸ்ட்ராட்டோட ஒவ்வொரு தந்திக்கும் கீழே தனித்தனி ஆல்னிகோ காந்தக் கம்பி நிக்குது. பிக்கப் ரொம்ப மேல இருந்தா காந்தம் தந்தியைப் பிடிச்சு இழுக்கும். தந்தி சீரா ஆடாது, ஒரே ஸ்வரம் ரெண்டாப் பிரிஞ்சு அலையும். கமகம் போடும்போது அந்த அலைச்சல் உள்ள புகுந்துக்கும். வீட்டுக்கு வந்து நெக் பிக்கப்பைத் தடித்த தந்திப் பக்கம் நல்லா இறக்கினேன். பஞ்சமம் நின்னுச்சு.

வாங்கின செட் டப்பாவிலேயே இருக்கு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, வாங்கின விலைக்குக் கொஞ்சம் குறைச்சே தர்றேன்.

கொடைக்கச்சேரி (திருநெல்வேலி)

@ஓம்மீட்டர் பாட் 250தான். திறந்து பார்த்துட்டேன். பாடம் நீளம்தான், இருந்தாலும் நன்றிங்க. ஆனா 500 போட்டா அந்தக் கீபோர்டு அண்ணனுக்குக் கேட்டிருக்குமா?

ஓம்மீட்டர் (பெங்களூரு)

கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்கும். நானாக இருந்தால் சிங்கிள் காயில் அளவிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காயில் வைத்த நாய்ஸ்லெஸ் வகையைப் பார்ப்பேன். உறுமல் போகும், சிங்கிள் காயிலின் மணி போன்ற சத்தம் பெரும்பாலும் நிற்கும். பழைய சிங்கிள் காயிலையே திரும்ப மாட்டினாலும், உங்கள் நடு பிக்கப் தலைகீழ்ச் சுற்று, தலைகீழ்க் காந்த வகை என்றால் ஸ்விட்சின் 2, 4 பொசிஷன்களில் (நடு பிக்கப்போடு பக்கத்துப் பிக்கப் சேரும் இடங்கள்) உறுமல் தானாகவே அடங்கும். அதற்குச் செலவே இல்லை. சரி, நிறுத்துகிறேன்.

குளிர்நாட்டுக்காரன் (ஸ்காபரோ, கனடா)

நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்தனான். இஞ்ச எங்கட ஆக்களின்ர கலியாண வரவேற்புகளில வாசிக்கிறனான். என்ர கதை வேற மாதிரி.

1957இல கிப்சன் கிட்டார்களில வந்த செத் லவரின்ர ஹம்பக்கர் இருக்குதெல்லே, 1955இல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சு, பின்னால அதைச் சொல்லி ஸ்டிக்கர் ஒட்டின சாமான். அதே முறையில, மெழுகில தோய்க்காமல் இப்பவும் செய்து விக்கிறாங்கள். சத்தம் திறந்து வரும் எண்டு சொன்னாங்கள், வாங்கிப் பூட்டினன். உண்மையாத் திறந்துதான் வந்தது. அண்டைக்குப் பின்னேரம் மகள் கிட்ட வந்து நிண்டு, கிட்டாருக்கு மேல குனிஞ்சு, "அப்பா, சாப்பிட வாங்கோ" எண்டாள். அவளின்ர குரல் ஆம்புக்குள்ளால வந்தது! பிள்ளை பயந்துபோய்ச் சிரிச்சு, பிறகு அதுக்குள்ளயே பாட்டுப் படிக்கத் தொடங்கிட்டாள். எனக்கு அப்ப அது பெரிய பகிடி.

அடுத்த கிழமை ஹோல் ஒண்டில, ஸ்பீக்கருக்குக் கிட்ட நிண்டு டிஸ்டார்ஷனை மிதிச்சன். 'கீஈஈ' எண்டு ஒரு கூச்சல். நான் தந்தியில கையை வைச்சு அமத்தினாலும் நிக்கேல்ல. முன் வரிசையில இருந்த அம்மம்மாமார் எல்லாரும் ஒண்டா காதைப் பொத்தினவை. மாப்பிள்ளை பொம்பிளை வரேக்க.

தந்தியில கை வைச்சும் நிக்காத கூச்சல் எண்டால் அது தந்தியில வாறதில்லை. உள்ள தளர்வா இருக்கிற கம்பிச் சுத்தும் தகட்டு மூடியும் அதிர்ந்து வாறது. மெழுகில தோய்ச்சால் நிக்கும். பரஃபினோட கொஞ்சம் தேன்மெழுகு, நேரடி நெருப்பில வைக்காமல் சுடுதண்ணிச் சட்டிக்குள்ள வைச்சு உருக்கவேணும், 65 பாகைக்கு மேல விடக்கூடாது, பாபின் இளகிப் போகும். நான் பழகின ஒருத்தரிட்டக் குடுத்துச் செய்விச்சன். சத்தத்தில மாற்றம் எண்டு எனக்குத் தெரியேல்ல. மகளுக்குத்தான் கோவம், இப்ப அவளின்ர பாட்டு வாறேல்ல.

ஏழுமுழம் (கோயமுத்தூர்)

எல்லாரோட கதையும் படிச்சேன். கொடைக்கச்சேரி அண்ணா, உங்க விஷயத்துல பிக்கப் மேல முழுப் பழியும் போடாதீங்க. பந்தல்ல அவங்கவங்க மானிட்டர்ல (வாசிக்கறவங்களுக்குக் கேக்கறதுக்கு மேடையில வச்ச ஸ்பீக்கர்) என்ன கேக்குதுங்கறது சவுண்டுக்காரர் கையில. கீபோர்டு அண்ணனுக்குக் கேக்கலைங்கறதால சனத்துக்கும் கேக்கலைன்னு ஆயிடுமா? ஓம்மீட்டர் சாருக்கு எல்லாமே ஹென்றிதான். மேடையில பாதி பிரச்சனை ஃபேடருங்க, மிக்சர்ல சத்தத்தை ஏத்தி இறக்கற அந்தக் குமிழு.

நம்முது காலேஜ் மெட்டல் பேண்டு. நானு உறுமலே ஆகாதுன்னு ஈஎம்ஜி 81 பிக்கப் போட்டுட்டேன். ஆக்டிவ். உள்ளயே ஒரு சின்ன பிரீ-ஆம்ப் இருக்கும், 9 வோல்ட் பேட்டரியில ஓடும், பாட் கூட 25 கே. சும்மா சொல்லக்கூடாது, கெயினை எவ்வளவு ஏத்தினாலும் பின்னாடி மயான அமைதி. ஜாக்கைச் சொருகினாத்தான் பேட்டரி ஆன் ஆகும், உருவினா ஆஃப். இதைப் பேண்டுல எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தேன்.

சேலத்துல ஒரு காலேஜ் போட்டி. முந்தின ராத்திரி ரிகர்சலுக்கு எங்க பேஸ் பையன் என் கிடாரை எடுத்து வாசிச்சுட்டு, ஜாக்கோடவே சாத்தி வச்சுட்டுப் போயிட்டான். பழைய பேட்டரி வேற. மேடையேறி முதல் ரிஃப் வாசிச்சா கரகரன்னு கிழிஞ்சு வருது, ரெண்டாவது தடவை பாதியில அமுங்கிப் போச்சு. நடுவர்கள் பேனாவை எடுத்துட்டாங்க. பேட்டரி டப்பா என்ன கிடாருக்கு வெளியவா இருக்கு, பின் மூடியில நாலு ஸ்க்ரூ. அதைக் கழட்டிட்டேன், மாத்தப் பேட்டரி இல்ல. ஞாயித்துக்கிழமை, கேம்பஸ்ல ஒரு கடையும் இல்ல.

சவுண்டுக்காரர் வயசானவரு, அதுவரைக்கும் எங்களை மனுசனாவே மதிக்கல. மெதுவா மேடைக்கு ஏறி வந்தாரு. இடுப்புப் பையில இருந்து மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்தாரு, பின்னாடி மூடியைக் கழட்டி 9 வோல்ட்டை உருவி என் கையில வச்சாரு. "சீக்கிரம் தம்பி, அடுத்த டீம் நிக்குது."

வாசிச்சோம். பரிசெல்லாம் இல்லீங்க. இறங்கி வந்து கிடாரை ஸ்டாண்டுல வைக்கறதுக்குள்ள ஆளு ஸ்க்ரூ டிரைவரோட நிக்கிறாரு, பேட்டரியைத் திருப்பிக் கழட்டிக்க.