ஸ்வீட் போர்டு ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துப் போகிறது, அவசரம்!

ராயபுரம்_பொண்ணு | டிசம்பர் 22, காலை 11.40

வணக்கம். நாளை மறுநாள் நடுராத்திரிப் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். வழக்கம்போல கேக்கை வெட்டித் தட்டில் நீட்டாமல், இந்த வருஷம் பெரிய பலகையில் கிரேசிங் போர்டு (பல தின்பண்டங்களை அழகாகப் பரப்பி, அவரவரே எடுத்துச் சாப்பிடும் பலகை) மாதிரி வைக்கலாம் என்று ஆசை. சீஸ், ஸ்ட்ராபெர்ரி எதுவும் கிடையாது, முழுக்க நம்ம ஊர் இனிப்பு. தூத்துக்குடி மக்ரூன், கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, குல்குல், ரோஸ் குக்கி, நடுவில் கொய்யா, அன்னாசி, மாதுளை. நேற்று ட்ரையல் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் மக்ரூன் விரலில் ஒட்டுகிறது, கடலை மிட்டாய் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டி, ரோஸ் குக்கி நமுத்துப்போய் வளைகிறது. என்ன தப்பு செய்தேன்? சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

தண்டையார்பேட்டை_மணி

எத்தனை பேர்? ஏசி ரூமா? பலகை என்ன மரம்? எதுவுமே சொல்லாமல் என்ன தப்பு என்றால் எப்படிம்மா?

பூந்தி_67

கடல் காற்றுதான், வேறென்ன. காசிமேட்டில் 11 வருஷம் குடியிருந்தேன். உப்பு டப்பாவே தண்ணீர் விட்டு நிற்கும், சைக்கிள் செயின் ஒரு மாசத்தில் துருப்பிடிக்கும். அந்தக் காற்றில் மக்ரூனை வெளியே வைத்தால் என்ன ஆகும்? கடலிலிருந்து வீடு எவ்வளவு தூரம்?

நெல்லைச்சீமை

ஒட்டியது என்றால் அது கோவில்பட்டி மிட்டாயே இல்லை. வெல்லப்பாகு சரியான பதத்தில் இறங்கியிருந்தால் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டதும் கெட்டியாகி, எடுத்துத் தட்டினால் டக்கென்று உடையும். பதம் வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டால்தான் இப்படி இழுக்கும். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. மெட்ராஸில் யாரோ கிண்டியதை அந்தப் பெயரில் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

தங்கசாலை_பையன்

அண்ணாச்சி, புவிசார் குறியீடு இருந்தால் ஈரம் ஏறாதா?

சமையல்_வாத்தியார்

வருஷா வருஷம் டிசம்பரில் இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கிரேசிங் போர்டு என்பது கையில் கிடைத்ததைத் தாம்பாளத்தில் கொட்டுவது அல்ல. நிறம், உயரம், கடிபதம் மூன்றும் மாறி மாறி வர வேண்டும். அடிப்படையே தெரியாமல் ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். இன்னொன்று, ‘நம்ம ஊர்’ என்று சொல்லிவிட்டு குல்குல்லையும் ரோஸ் குக்கியையும் வைத்திருக்கிறீர்கள். அது எந்த ஊர்?

ராயபுரம்_பொண்ணு

25 பேர். ஏசி இல்லை, ஃபேன்தான். பலகை அப்பா பட்டறையில் போன வாரம் செய்தது, பாலிஷ் போட்டு வழவழவென்று இருக்கும். கடல் பத்து நிமிட நடை. குல்குல் மட்டும் அம்மா போட்டது, மற்றதெல்லாம் கடையில் வாங்கியது.

பெரம்பூர்_ஆன்ட்டி

கண்ணு, ஒரே ஒரு கேள்வி. பலகையில் அடுக்குவதற்கு முன்னால் இதெல்லாம் எங்கே இருந்தது?

வாத்தியார் சாருக்கு: குல்குல் பெரம்பூர் ஊர். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் டிசம்பர் வந்தால் வாசலுக்கு வாசல் பாய் விரித்து, மைதா, முட்டை, தேங்காய்ப்பால் போட்டுப் பிசைந்த மாவைக் கிள்ளிக் கிள்ளிப் புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்டுவோம். பிள்ளைகள் பாதியை மாவாகவே தின்றுவிடும். என் மாமியாரும் இங்கேதான் செய்தார், அவர் மாமியாரும் இங்கேதான் செய்தார். இன்னும் எத்தனை தலைமுறை ஆக வேண்டும்?

சமையல்_வாத்தியார்

அம்மா, நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பொருள் என்றால் அதற்கு ஒரு வரையறை வேண்டும் என்கிறேன். ரோஸ் குக்கிக்கு நம்மிடம் அச்சு முறுக்கு என்று பெயரே இருக்கிறது.

தங்கசாலை_பையன்

அப்படிப் பார்த்தால் மக்ரூனையும் தூக்கிவிடலாமா சார்? பெயரே ஐரோப்பாக்காரன் பெயர். பாதாமுக்குப் பதில் முந்திரி போட்டதும் அது தூத்துக்குடி ஆகிவிட்டது. அதே கணக்கில் எங்கள் தெரு ஜிலேபியும், ராஜஸ்தான் நெய் இனிப்பான கேவரும் வட சென்னைதான். நான் பிறந்ததிலிருந்து அந்த நெய் வாசனையில்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். சௌகார்பேட்டை இல்லாமல் வட சென்னை போர்டா?

நெல்லைச்சீமை

மக்ரூனை யாரும் தொடக் கூடாது.

பூந்தி_67

கேவர் வைத்தால் அரை மணி நேரம்கூட நிற்காது. நான் சொல்வதைக் கேளுங்கள், கடல் காற்று.

ராயபுரம்_பொண்ணு

ஃப்ரிட்ஜில்தான் ஆன்ட்டி. எறும்புக்குப் பயந்து எல்லாவற்றையும் உள்ளே வைத்தேன். எல்லாரும் அப்படித்தானே வைப்பார்கள்?

பெரம்பூர்_ஆன்ட்டி

அதுதான் கண்ணு! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜையில் வை, ஐந்து நிமிடத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த பொருளின் மேல் படிகிறது, அவ்வளவுதான். பாட்டில் என்றால் துடைத்துவிடலாம். சர்க்கரையும் வெல்லமும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும். மக்ரூன் என்பது முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி சேர்த்து, குறைந்த சூட்டில் காய வைத்த நுரை. உள்ளே முழுக்க ஓட்டை, ஈரத்துக்கு அது பஞ்சு மாதிரி. பூந்தி சொல்கிற கடல் காற்றும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜில் வைக்காமல் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் இந்தக் கதி வந்திருக்காது.

மக்ரூன், கடலை மிட்டாய், குல்குல், ரோஸ் குக்கி நான்கும் ஃப்ரிட்ஜ் பக்கமே போகக் கூடாது. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், தனித்தனியாக. குல்குல்லையும் மக்ரூனையும் ஒரே டப்பாவில் போட்டுவிடாதே, ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு ஏறும். எறும்புக்கு, அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டப்பாவை வை. பால்கோவா மட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். அதை வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடு, வியர்ப்பது டப்பாவோடு போகும். ஏசி இல்லை என்கிறாய், அதனால் மொத்தமாகக் குவிக்காமல் சின்ன மண் கிண்ணத்தில் கொஞ்சம் வைத்துவிட்டு, தீரத் தீர நிரப்பு. பால் பண்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேண்டாம்.

அப்புறம் அந்த அன்னாசி! வெட்டிய பழத்தை மக்ரூனுக்குப் பக்கத்தில் வைத்தால் சாறு ஓடித்தானே ஆகும். பழத்தைத் தொன்னையில் போட்டுத் தனியே ஓர் ஓரத்தில் வை. நடுவில் கொய்யா சீஸ் வைத்துப் பார். கொய்யாவை வேக வைத்து வடிகட்டி, சர்க்கரை, வெண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்ட வேண்டும். ஆறியதும் கத்தியால் துண்டு போடலாம், செக்கச்செவேல் என்று இருக்கும். சாறு விடாது. சீஸ் இல்லாத போர்டில் அதுதான் சீஸ்.

தண்டையார்பேட்டை_மணி

ஆன்ட்டி சொன்னது எல்லாம் சரி, யாரும் பலகையைப் பற்றிக் கேட்கவில்லையே. பட்டறை பாலிஷ் என்றால் என்ன பாலிஷ், வார்னிஷா? நான் தச்சு வேலைக்காரன். போன வாரம் போட்டது என்றால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இன்னும் வாசனை விடும். மூக்கை வைத்துப் பாருங்கள். அதில் நேரடியாக இனிப்பை வைக்க வேண்டாம். பால்கோவா நெய்யில் அந்த வாசனை சட்டென்று ஏறும். வாழை இலை போட்டால் போதும், ஆனால் கழுவிய இலையைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். நேற்று இலையும் போட்டீர்களா?

ராயபுரம்_பொண்ணு

இலை போட்டேன். கழுவி அப்படியே.

தண்டையார்பேட்டை_மணி

சரிதான்.

சமையல்_வாத்தியார்

ஃப்ரிட்ஜ் விஷயம் எனக்கு முதலிலேயே தோன்றியது. சொல்ல நேரம் இல்லை. அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. 25 பேருக்கு, தலைக்கு 100 கிராம் வீதம் இரண்டரை கிலோ தாராளம். அதற்கு மேல் வாங்கினால் மறுநாள் அக்கம்பக்கத்துக்குத்தான்.

தங்கசாலை_பையன்

கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள் சார்? எங்கள் வீட்டுக்கு மூன்று வீட்டிலிருந்து வரும். நாங்கள் தீபாவளிக்கு அனுப்புவோம். இந்த ‘நம்ம ஊர்’ வரையறையை மட்டும் கடைசிவரை நீங்கள் சொல்லவே இல்லை.

சமையல்_வாத்தியார்

மண்ணில் விளையும் பொருளைக் கொண்டு செய்தால் அது அந்த மண்ணின் பண்டம். பழனி பஞ்சாமிர்தத்தில் விருப்பாச்சி வாழைப்பழம் இருக்கிறது. குல்குல்லில் என்ன இருக்கிறது? மைதா.

பெரம்பூர்_ஆன்ட்டி

தேங்காய்ப்பால் இருக்கிறது சார்.

நெல்லைச்சீமை

உடன்குடிக் கருப்பட்டியைப் பாகு காய்ச்சி குல்குல் மேல் ஊற்றிப் பாருங்கள். சண்டை தீர்ந்துவிடும். நான் செய்ததில்லை, யாராவது செய்தால் சொல்லுங்கள்.

பூந்தி_67

பாகு ஊற்றினால் கடல் காற்றில் திரும்பவும் ஒட்டும்.

தண்டையார்பேட்டை_மணி | டிசம்பர் 25, மாலை 6.15

என்னம்மா ஆச்சு? பலகை வாசனை போனதா?

ராயபுரம்_பொண்ணு | டிசம்பர் 26, காலை 9.05

ரொம்ப நன்றி எல்லாருக்கும். எதுவும் ஒட்டவில்லை. அப்பா பலகையைத் தர மறுத்துவிட்டார், வார்னிஷ்தானாம். அம்மாவின் பித்தளைத் தாம்பாளங்கள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, துடைத்த இலை விரித்தேன். முதலில் காலியானது குல்குல், அப்புறம் கொய்யா சீஸ். பால்கோவா கால் கிலோ மீந்தது. போட்டோ எடுப்பதற்குள் சித்தப்பா பசங்கள் ஒரு மூலையைக் காலி செய்துவிட்டார்கள், அதனால் படம் இல்லை. ஆன்ட்டி, கொய்யா சீஸ் அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது, தீயைக் குறைத்திருக்க வேண்டுமோ?

சமையல்_வாத்தியார்

தாம்பாளம் என்றால் அது கிரேசிங் போர்டு அல்ல.

பெரம்பூர்_ஆன்ட்டி

அடிகனமான சட்டி வேண்டும் கண்ணு. தீ சிறியதுதான், கை மட்டும் நிற்கவே கூடாது.