வினையெச்சத்துக்குப் பின் அரைப்புள்ளி இடலாமா?

கேள்வி – ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியை

மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் நிறுத்தக்குறிகளைப் பற்றிப் பாடம் நடத்தியதன் விளைவாக, இதுவரை அரைப்புள்ளியை (;) தொட்டிராத பிள்ளைகளும் வரிக்கு வரி அதை இட்டிருக்கிறார்கள். ஓர் ஏட்டில், “அப்பா வயலுக்குச் சென்று; மடையைத் திறந்துவிட்டு; இருட்டியபின் வீடு திரும்பினார்” என்று இருக்கிறது. தவறு என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் காற்புள்ளியைவிடச் சற்று அதிக நேரம் நிறுத்துமிடத்தில் அரைப்புள்ளி வரும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அந்த மாணவி வாய்விட்டுப் படிக்கும்போது உண்மையிலேயே அந்த இடங்களில் நிறுத்துகிறாள். நேரக் கணக்கை விட்டுவிட்டு, பிள்ளைகள் தாமே சரிபார்த்துக்கொள்ளும்படி ஏதேனும் வழி உண்டா?

பதில் – மெய்ப்புத் திருத்துநர்

வணக்கம் அம்மா. குறிக்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘சென்று’, ‘திறந்துவிட்டு’ ஆகிய இரண்டும் வினையெச்சங்கள். தம்மை முடித்துவைக்கும் வினையைத் தேடி நிற்பவை. அவற்றுக்குப் பின் காற்புள்ளி போதும். தொடர் சிறியதாக இருந்தால் அதுவும் வேண்டியதில்லை. அதே செய்தியை, “அப்பா வயலுக்குச் சென்றார்; மடையைத் திறந்துவிட்டார்; இருட்டியபின் வீடு திரும்பினார்” என்று எழுதினால், ஒவ்வொரு பகுதியும் வினைமுற்றில் முடிகிறது, ‘அப்பா’ என்ற ஒரே எழுவாய் மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அரைப்புள்ளிக்கு உரிய இடம் அதுவே. ‘வலுத்ததால்’, ‘வந்தபோது’, ‘பெய்தால்’ என்று முடியும் பகுதிகளுக்குப் பின்னும் அது வராது. நான் மெய்ப்புகளில் நீக்கும் அரைப்புள்ளிகளில் பெரும்பாலானவை இப்படி எச்சங்களின் பின்னால் வந்து நிற்பவைதாம்.

பதில் – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மேலே நண்பர் சொன்னது சரியே, ஆயினும் வினைமுற்று என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் ஓரிடத்தில் இடறுவார்கள். “மூத்தவள் மருத்துவர்; இளையவள் வழக்கறிஞர்” என்ற தொடரில் வினையே இல்லை, பெயரே பயனிலையாக நிற்கிறது. ஆகவே ‘பயனிலை முடிந்ததா?’ என்று கேட்கப் பழக்குங்கள். ஐயம் வந்தால் அரைப்புள்ளியை அழித்து முற்றுப்புள்ளி இட்டுப் பார்க்கட்டும். இருபுறமும் தனித்தனி வாக்கியங்களாக நின்று, பொருளில் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருந்தால் அரைப்புள்ளி அங்கே தங்கலாம். “கிணற்றில் நீர் இருந்தது; ஆனால் இறைக்க ஆளில்லை” என்பது அப்படிப்பட்டது.

இந்தச் சோதனைக்கு அடங்காத இடம் பட்டியல். “முதற்குழுவில் கபிலன், செல்வி, மாறன்; இரண்டாம் குழுவில் பூங்கொடி, அன்பு” என்று எழுதும்போது, உள்ளே காற்புள்ளிகள் இருப்பதால் குழுக்களைப் பிரிக்க அரைப்புள்ளி தேவைப்படுகிறது.

பயனிலையை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் கிடையா. உரைநடையைப் படித்தவர்கள் வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை முற்றுச் சொல்லைக் கொண்டே அறிந்தார்கள். இக்குறிகள் மேனாட்டார் தொடர்பால் அச்சோடு வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அவற்றைத் தம் உரைநடையில் விரிவாகக் கையாண்டார். குறி பிறகு வந்தது, வாக்கியத்தை முடிக்கும் சொல் முன்பே இருந்தது என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். இன்னொன்று, அரைப்புள்ளியே இடாமல் நன்றாக எழுதிய மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். பத்துச் செயல்களையும் எச்சங்களாலேயே கோத்துவிடும் வசதி நம் மொழியில் இருக்கிறது.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அந்த ஏட்டையே கரும்பலகையில் எழுதி, குறிகளுக்கு முன்னுள்ள சொற்களை மட்டும் வட்டமிடச் சொன்னேன். ‘சென்று’ என்பதை வட்டமிட்டதுமே, “இன்னும் முடியவில்லை, டீச்சர்” என்றாள் அதை எழுதிய மாணவி. பின்வரிசையில் ஒருவன் ‘எடுத்துக்காட்டாக’ என்பதற்குப் பின்னும் அரைப்புள்ளி இட்டிருந்தான். அங்கே முக்காற்புள்ளி (:) வரவேண்டும் என்பதை நாளைய பாடத்துக்கு வைத்திருக்கிறேன்.