புதுப்பிப்பு: உரம் போட்டும் புது இலை மஞ்சளானதுக்கு காரணம் மண்ணுக்குள்ள இருக்கிற காத்து

உரம் போட்டும் தொட்டிச் செடில புது இலை மட்டும் மஞ்சளாகுது, நரம்பு பச்சையாவே இருக்கு, ஏன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். தொட்டிய கவுத்துப் பாத்தா அடிமண்ணு சேறா இறுகிப்போய் வேர் நுனியெல்லாம் பழுப்பா இருந்துச்சு. வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுறதால மண்ணுக்குள்ள கார்பன் டை ஆக்சைடு வெளிக்காத்த விட (அங்க 0.04% தான்) பல மடங்கு கூடவே இருக்கும், அளவா இருந்தா அது நல்லதுதாங்க, தண்ணில கரைஞ்சு லேசான அமிலமாகி பாஸ்பரஸ், கால்சியத்தையெல்லாம் கரைச்சு வேருக்குக் குடுக்கும். ஆனா தண்ணி தேங்கிட்டா அந்த வாயு வெளிய போறது சுமார் 10,000 மடங்கு ஸ்லோ ஆயிடும், ஆக்சிஜனும் உள்ள வராது, அப்புறம் சத்த இழுக்க வேருக்கு ஏது தெம்பு? சுண்ணாம்பு மண்ணுன்னா பைகார்பனேட் (அந்த வாயுவும் சுண்ணாம்பும் தண்ணில சேர்ந்து உருவாகுற உப்பு) வேற சேர்ந்து இரும்புச்சத்து ஏறவிடாம பண்ணிடும், அதனாலதான் புது இலை மஞ்சளாகுது, என் தொட்டி மண்ணும் அந்த ரகம்தான்.

கார்பன் டை ஆக்சைடு கரைஞ்ச சோடா தண்ணி ஊத்தலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, தயவுசெஞ்சு வேண்டாங்க, இலைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு காத்துலேருந்துதான் கிடைக்குது. பெருமணலும் பெர்லைட்டும் (மண்ண இளக்குற லேசான வெள்ளைக் கல்லு) கலந்து மாத்தி வச்சு, மேல்மண்ணு காஞ்சப்புறம்தான் தண்ணி விடுறேன், இப்ப வர்ற தளிர் பச்சையா இருக்கு, பழைய மஞ்சள் இலை இன்னும் அப்படியேதான் நிக்குது.