பன்னாட்டு வேளாண் ஆய்வு மையங்களில் பணி: நம் மாவட்டத்தினருக்கு வழி உண்டா?

திருவட்டாறு மாணவி:
பூச்சியியலில் முதுநிலைப் படிப்பை இவ்வாண்டு முடிக்கிறேன். வீட்டில் தென்னைக்கு ஊடே மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பயிரிடுகிறோம். சில நாட்டு அரசுகள் தம் செலவில் வல்லுநர்களைப் பன்னாட்டு வேளாண் ஆய்வு மையங்களில் அமர்த்துவதாகவும், அவர்கள் அங்குள்ள இளம் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதாகவும் பேராசிரியர் கூறினார். நாம் விண்ணப்பிக்க இயலுமா? ஆப்பிரிக்காவில் நடக்கும் ஆய்வால் நம்மூர் விவசாயிக்கு என்ன பயன் என்று அப்பா கேட்கிறார். அதற்கும் விடை வேண்டும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற பூச்சியியலாளர்:
அப்பாவின் கேள்விக்கு முதலில் வருகிறேன் அம்மா. விடை உங்கள் மரச்சீனியிலேயே இருக்கிறது. தென் அமெரிக்க மாவுப்பூச்சி ஒன்று 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, கொழுந்தைச் சுருளச் செய்து, நாடு நாடாகக் கிழங்கு விளைச்சலை அழித்தது. நைஜீரியாவின் இபாதானில் 1967-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன், அப்பூச்சியின் தாயகத்தில் அதன் எதிரியும் இருக்கும் என்று கருதித் தேடலை முன்னெடுத்தார். 1981-இல் பராகுவேயில் பூச்சியும், அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் அனாகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியும் கிடைத்தன. இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே குளவி ஆப்பிரிக்க வயல்களுக்குச் சென்றது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டுத் தமிழ்நாட்டிலும் பரவியபோது, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதே பன்னாட்டு நிறுவனத்தின் பெனின் நாட்டுக் கிளையிடமிருந்து குளவியைப் பெற்றுப் பெருக்கியது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அது வெளியிடப்பட்டது.

விண்ணப்பம் பற்றி: நன்கொடை நாடு ஊதியம் தரும் பணியிடங்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியவை. ஆனால் அம்மையங்களே அறிவிக்கும் ஆய்வுப் பணிகளுக்கும் பயிற்சிகளுக்கும் எந்நாட்டவரும் போட்டியிடலாம்.

குலசேகரம் விவசாயி:
ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குளவியை விமானத்தில் அனுப்பிவிட்டால் வேலை முடிவதில்லை. அதை உயிரோடு காக்க மாவுப்பூச்சியையும் வளர்க்க வேண்டும், அப்பூச்சிக்காக மரச்சீனிச் செடியையும் வளர்க்க வேண்டும். வேற்றுக் குளவி கலந்துவிடாமல் தலைமுறை தலைமுறையாகக் கண்காணிக்கவும் வேண்டும். இது கைப்பழக்கத்தால் வருவது. பெங்களூரில் அதை அறிந்தவர்கள் இருந்ததால்தான் வந்த குளவி பிழைத்தது. ஆகவே ஒரு வல்லுநரை எங்கே அமர்த்தினாலும், அவருடன் உள்ளூர் ஆய்வாளர் ஒருவரை முதல் நாள் முதல் இணைக்காத திட்டத்தை நான் ஏற்கமாட்டேன். அப்படி இணைக்காவிட்டால், வல்லுநர் ஒப்பந்தம் முடிந்து விடைபெறும்போது திறனும் உடன் போய்விடும்.

திருவட்டாறு மாணவி:
இருவருக்கும் நன்றி. வெளிநாடு செல்லும் முன் இங்கேயே தொடங்குவதானால் எங்கே செல்லலாம்?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற பூச்சியியலாளர்:
உங்கள் ஊருக்கு மிக அருகில், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில், 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. மரச்சீனியின் தேமல் நோயையும் அதைப் பரப்பும் வெள்ளை ஈயையும் அங்கு ஆராய்கிறார்கள். ஆப்பிரிக்க மையங்களுக்கும் அதுவே பெருங்கவலை. முனைவர் பட்ட ஆய்வை அங்கே இத்தலைப்பில் அமைத்துக்கொண்டால், இபாதானுக்கு விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் வயல் அனுபவமே முதல் தகுதியாக நிற்கும். தானியப் பயிர்களில் ஆர்வம் இருந்தால், ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் 1972 முதல் உள்ள பன்னாட்டு மையத்தின் பயிற்சி அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள்.