கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியும் மீசோதெலியோமாவும்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

தென்றல்:
அப்பா கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார் சுற்றுகிற வேலை பார்த்தவர். இளவயதில் கொஞ்ச காலம்தான். அப்புறம் வேறு வேலை, ஓய்வு, பேரப்பிள்ளைகள். திடீரென்று மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வலது பக்கம் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. முதுகில் ஊசி குத்தி எடுத்தார்கள். ரத்தம் கலந்த மஞ்சள் நீர், பாட்டில் நிறைய. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, இருபது இருபத்தைந்து வயசில என்ன வேலை பார்த்தீங்க?" அப்பாவுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அம்மாதான், "அந்தக் கப்பல் வேலையைச் சொல்லுங்களேன்" என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்கவே முடியவில்லை. நீரைச் சோதித்ததில் ஒன்றும் தெரியவில்லை, திசுவை எடுத்துச் சோதித்த பயாப்ஸியில்தான் மீசோதெலியோமா, அதாவது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வருகிற புற்றுநோய், என்று உறுதியானது.

மழைக்காலம்:
எங்கள் வீட்டில் கல்நார் தொழிற்சாலைக்குப் போனது மாமா, நோய் வந்தது அத்தைக்கு. அவர் வேலைச் சட்டையை ஊற வைப்பதற்கு முன் அத்தை கொல்லைப்புறத்தில் நின்று ஓங்கி உதறுவார். வெயிலில் பொடி மினுமினுவென்று பறக்கும். பிள்ளைகள் நாங்கள் ஓடி ஓடிக் கையை நீட்டிப் பிடிப்போம். அத்தை தொழிற்சாலை வாசலைக்கூட மிதித்ததில்லை. மாமா இன்றைக்கும் நடமாட்டமாக இருக்கிறார்.

பழைய ஃபிட்டர்:
வண்டிகளின் பிரேக் டிரம்மைத் திறந்து, கல்நார் கலந்த பிரேக் பட்டைத் தூசியைக் காற்றடித்து ஊதியே காலம் தள்ளியவன் நான். மூக்கு, வாயெல்லாம் தூசிதான். எனக்கு ஒன்றும் இல்லை. தென்றல், அப்பா சிகரெட் பிடிப்பாரா என்று நீங்கள் சொல்லவில்லையே? நீலக் கல்நார்தான் ஆபத்து, வெள்ளை ஒன்றும் செய்யாது என்பார் எங்கள் மேஸ்திரி. சும்மா எல்லாரையும் பயமுறுத்த வேண்டாம்.

தென்றல்:
அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

கருவிழி:
ஃபிட்டர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அண்ணன் எலெக்ட்ரீஷியன், பழைய கட்டடங்களில் ட்ரில் போட்டே மூச்சைத் தொலைத்தவர். அதனால் சொல்கிறேன். மீசோதெலியோமாவுக்குப் புகைப்பழக்கம் காரணமே இல்லை. கல்நார் தூசியோடு சிகரெட்டும் சேர்ந்தால் பல மடங்கு ஏறுவது நுரையீரல் புற்றுநோய், அது வேறு. நீலம் கூடுதல் கொடியது என்பது சரி. ஆனால் வெள்ளை உட்பட எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. 1960இல் வாக்னர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் தென்னாப்பிரிக்காவிலிருந்து 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதில் கல்நார்ச் சுரங்கத்துக்குள் இறங்காமல், பக்கத்தில் குடியிருந்ததால் மட்டுமே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. மூச்சோடு போன நார் நுரையீரல் உறையில் தங்கிவிடும். நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடம்கூட ஆகலாம். தூசி பட்ட எல்லாருக்கும் வருவதில்லை, உண்மைதான். ஆனால் இத்தனை வருடம் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சின் ஒரு பக்கம் வலித்தால் பழைய வேலையை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

வீட்டில் பழைய கல்நார் தகடு இருந்தால், உடையாமல் இருக்கிறவரை சும்மா விடுங்கள். அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், சுரண்டாதீர்கள். உடைந்து கிடந்தால் உலர்ந்தபடி பெருக்கக் கூடாது, சாதாரண வேக்குவமும் ஆகாது. நார் வடிகட்டியைத் தாண்டி அறை முழுக்கப் பரவும். துணி முகக்கவசமும் உதவாது. அகற்றப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

மழைக்காலம், மாமாவிடம் எந்த வருடங்களில், எந்தப் பிரிவில், என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். உங்கள் மருத்துவக் கோப்பிலும் அந்தத் துணித் தூசி விஷயம் ஏறட்டும்.