கஞ்சா வரியில் மனநல சிகிச்சை: மகனின் விவாதத்துக்கு யாராவது உதவுங்களேன்

ஈசூன் அம்மா:
மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் வகுப்பில் விவாதம். கஞ்சா விற்பனையில் வரும் வரியை மனநலத்துக்கும் போதை மறுவாழ்வுக்கும் செலவிடுவது நல்லது என்று இவன் பேச வேண்டுமாம். எனக்குப் பக்கென்றது. 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு என்று இருக்கும் நம் சிங்கப்பூரில் இதை எப்படிப் பேசுவது? "இது அமெரிக்காவைப் பற்றிம்மா, சும்மா இருங்க" என்கிறான். சரி, அங்கே அந்தப் பணம் உண்மையிலேயே நோயாளியிடம் போய்ச் சேர்கிறதா?

கணக்கப்பிள்ளை:
மாநிலத்துக்கு மாநிலம் வேறு அக்கா. இல்லினாயில் 2020-இல் கடைகள் திறந்தன, நிர்வாகச் செலவு போக வரும் வரியில் 20 விழுக்காடு மனநலத்துக்கும் போதை சிகிச்சைக்கும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கொலராடோவில் 2014-இலேயே விற்பனை தொடங்கியது, அங்கே ஒரு பங்கு பள்ளிக் கட்டடங்களுக்குப் போகிறது.

எதிரணி ஒரேகன் மாநிலத்தை எடுத்து அடிக்கும், தயாராகச் சொல்லுங்கள். 2020-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 110-ஆம் தீர்மானம் அது. கையில் கொஞ்சம் போதைப்பொருள் இருந்தால் சிறை இல்லை, 100 டாலர் அபராதம், அதுவும் ஓர் எண்ணுக்கு போன் போட்டுப் பேசினால் தள்ளுபடி. கஞ்சா வரியில் காலாண்டுக்கு 1.125 கோடி டாலருக்கு மேல் வருவதெல்லாம் சிகிச்சைக்கு. அது புதுப் பணமும் இல்லை, முன்பு பள்ளிக்கும் போலீசுக்கும் நகராட்சிகளுக்கும் போன பங்கில் கைவைத்ததுதான். 2021 பிப்ரவரியில் தண்டனையை எடுத்துவிட்டார்கள், ஆனால் பணத்தில் பெரும்பகுதி சிகிச்சை நிலையங்களின் கைக்கு வந்தது 2022-இல்தான். நடுவில் ஒன்றரை வருடம் தெருவில் இருந்தவன் எங்கே போவான்? கடைசியில் 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள்.

பழைய சிராங்கூன்காரன்:
ஒரேகன் வரைக்கும் எதுக்குப் போகணும்? நம்ம சூதாட்டக்கூடத்தைப் பாருங்க. 2010-இல் திறந்தபோது உள்ளூர்க்காரர்களுக்கு நாள் நுழைவுக் கட்டணம் 100 வெள்ளி, 2019-இல் 150 ஆக்கினார்கள். அந்தப் பணம் டோட் போர்டு என்ற அரசு வாரியம் வழியாகப் பொதுக் காரியங்களுக்குப் போகிறது. ஆனால் கட்டணம் வைத்ததே ஆட்கள் உள்ளே போகாமல் இருக்கத்தானே. கூட்டம் குறைந்தால் சந்தோஷப்படுவதா, உண்டியல் காலியாச்சே என்று கவலைப்படுவதா? கஞ்சாவிலும் இதே சிக்கல்தான் வரும், விற்பனை குறையும் வருஷம் ஆலோசகரை வீட்டுக்கு அனுப்புவார்களா?

உட்லண்ட்ஸ் அண்ணன்:
என் தம்பி இரண்டு தடவை போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்துக்குப் போய் வந்தவன். உள்ளே இருந்த காலம் அவனுக்குப் பெரிய கஷ்டமில்லை, சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் மணிப்படி. வெளியே வந்தபிறகுதான் சோதனை. சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போனான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பழைய கூட்டாளிகள் பிளாக் கீழே நின்று கூப்பிடும்போது பேச ஆள் வேண்டுமே. ஓரிடத்தில் ஆலோசகரைப் பார்க்க ஏழு வாரம் கழித்து நேரம் கொடுத்தார்கள். ஏழு வாரம்! ஆறாவது வாரமே மறுபடி பிடித்துவிட்டார்கள்.

அதனால் எனக்கு எந்த வரி என்பது முக்கியமில்லை, கஞ்சா வரியோ சிகரெட் வரியோ. ஒரு நல்ல ஆலோசகர் உருவாகப் பல வருஷம் ஆகும், அவருக்கு மாசாமாசம் சம்பளம் போகணும். ஏறி இறங்குகிற காசை நம்பி அதைச் செய்ய முடியுமா என்று உங்கள் மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஈசூன் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மகன் இப்போது எதிரணிக்கே மாறிக்கொள்ளலாமா என்று ஆசிரியரிடம் கேட்கப் போகிறானாம்! உட்லண்ட்ஸ் தம்பி, உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

உட்லண்ட்ஸ் அண்ணன்:
துவாஸில் லாரி ஓட்டுகிறான் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நான் போன் போடுவேன், எடுத்துவிடுவான்.